புதுப்பிப்பு: பைபிளின் 91ஆம் சங்கீதப் பிரசங்கம்

கொரோனாவில் சொந்தங்களை இழந்த வீடுகள் சபையில் இருக்கும்போது "வாதை உன் கூடாரத்தை அணுகாது" என்ற வசனத்தை எப்படிப் பிரசங்கிப்பது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சாத்தானிலிருந்து தொடங்குங்கள் என்று ஒருவர் எழுதியதைப் படித்து முதலில் சிரித்தேன், அப்புறம் அதையேதான் பிடித்துக்கொண்டேன்: மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி என்று சொல்லும்போது அவன் எடுத்துவிடுவது இதே சங்கீதத்தின் 11, 12 வசனங்களைத்தான். சிங்கத்தையும் வலுசர்ப்பத்தையும் மிதிப்பதைச் சொல்லும் 13ஆம் வசனம் அவன் வாயில் வரவில்லை (மிதிபடும் வலுசர்ப்பமே அவன்தானே, எப்படி வரும்?). வாக்குத்தத்தத்தை வைத்துக் கடவுளைச் சோதிக்க இயேசுவே மறுத்துவிட்டார் என்பதால், இந்தச் சங்கீதத்தைத் தாயத்து மாதிரி வைத்துக்கொள்கிற பழக்கத்தைப் பற்றியும் பேச வழி கிடைக்கிறது. பழக்கம் புதிதல்ல, சாக்கடல் ஓரத்துக் கும்ரானின் 11ஆம் குகையில் கிடைத்த, சுமார் இரண்டாயிரம் வருடப் பழைய யூதச் சுருள் ஒன்றில் பேய் விரட்டும் பாடல்களோடு சேர்த்தே இது எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு நிமிடம்தான், மேலே போனால் பின்வரிசை தூங்கிவிடும்.

முக்கிய பகுதி 14 முதல் 16 வரை. அங்கே கடவுளே பேசுகிறார்: "ஆபத்தில் நானே அவனோடிருந்து". ஆபத்தே வராது என்று சொல்லவில்லை, பாருங்கள். நேரத்தில் பாதியை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பிழைத்து வந்தவர்களைச் சாட்சி சொல்ல வைக்கலாம் என்ற யோசனை மட்டும் வேண்டாம். இழந்தவர்கள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். சரி, பாட்டுகள் இன்னும் முடிவாகவில்லை, யோசனை இருந்தால் சொல்லுங்கள்.