புளியந்தீவில் எங்கள் பிடவைக்கடையும் ஒரு சீமெந்துப் பூச்சும்
பழைய கடைக் கட்டடங்களைப் பற்றி, அவற்றோடு பழகியவர்கள் இங்கே எழுதியதையெல்லாம் வாசித்தேன். அப்படியான பழைய சுவர்களுக்குச் சீமெந்து பூச நினைப்பவர்களுக்காக நானும் எழுதுகிறேன்.

மட்டக்களப்புப் புளியந்தீவில் என் அம்மப்பா பிடவைக்கடை (துணிக்கடை) நடத்திய கட்டடம் முருகைக்கல்லும் (கடலில் விளையும் பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. சுவரின் கனம் ஒரு முழத்துக்கு மேல். கடைக்குக் கதவு கிடையாது. இலக்கமிட்ட பலகைகளை நிலையில் ஒவ்வொன்றாகச் செருகிப் பூட்டுவார்கள். அந்த இலக்கங்களைப் பார்த்துத்தான் நான் எண்ணப் பழகினேன்.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது அயலில் நான்கு குடும்பங்கள் அந்தக் கடைக்குள்தான் ஒதுங்கின. விடியும்போது ஓடுகள் எல்லாம் போய் மேலே வானம் தெரிந்தது. சுவரில் ஒரு கல்கூட அசையவில்லை.

சூறாவளியால் முடியாததைப் பிற்காலத்தில் நாங்களே செய்தோம். ஒப்பந்தக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டுப் பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசினோம். இரண்டு மாரி போவதற்குள் அடிச்சுவர் பொருமியது; உப்புப் பூத்தது; அடித்தட்டில் இருந்த சேலைகளில் கறை ஏறியது. கொத்திப் பார்த்தால் உள்ளே முருகைக்கல் மாவாக உதிர்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வயதான மேசன் ஒருவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். “மகள், இந்தச் சுவருக்கு வேர்க்க வேண்டும். நீங்கள் அதை அடைத்துவிட்டீர்கள்” என்றார். புளியந்தீவைச் சுற்றி வாவி. நிலத்தின் ஈரம் சுவரில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே காயவிடும். சீமெந்து விடாது, ஈரம் இன்னும் மேலே ஏறும், அதோடு வந்த உப்பு உள்ளேயே கட்டியாகிக் கல்லை உடைக்கும்.

அவர் சொன்னபடி இடுப்பளவுக்குச் சீமெந்தை உரித்து, ஒரு கோடை முழுவதும் சுவரை வெறுமையாகக் காயவிட்டோம். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மணலோடு குழைத்து அவரே பூசினார். உதிர்ந்த கல் உதிர்ந்ததுதான். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது, தடுக்கவும் வேண்டும். ஆகவே இருக்கிற கல்லைத்தான் காப்பாற்ற வேண்டும்.

அந்த மேசன் இப்போது இல்லை. பின்சுவரில் சீமெந்து இன்னும் அப்படியே இருக்கிறது. மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த மேசன் யாரையாவது அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மாரி தொடங்குவதற்கு முன் உரித்துவிட வேண்டும்.