மந்திரமா, பௌதிகமா: மேசையில் மாட்டிக்கொண்ட இடங்கள்

புகைமூட்டம்:
சுங்கை சிப்புட், சனிக்கிழமை டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம்) மேசை. குகைக்குப் பதில் பழைய ரப்பர்ப் பால் கொட்டாய்: 30 அடி நீளம், 20 அகலம், 10 உயரம். வெளியேற ஒரே சுரங்கம், 10க்கு 10. மந்திரவாதி உள்ளே ஃபயர்பால் (நெருப்புருண்டை மந்திரம்) வீசினார். கூட்டாளிகள் நாலு பேர் சுரங்கத்தில் 60 அடி தள்ளி நின்றார்கள், பத்திரம் என்ற நினைப்பில். டி.எம். (ஆட்டத்தை நடத்தித் தீர்ப்பு சொல்பவர்) அண்ணன் 1978 விதிப்புத்தகத்தைத் திறந்தார். அதில் நெருப்பு இடத்துக்கேற்ப வடிவம் மாறும், கன அளவு குறையாது. 20 அடி ஆரம் என்றால் ஏறக்குறைய 33,500 கன அடி. கொட்டாய்க்குள் அடங்குவது 6,000. மிச்ச 27,500 சுரங்கத்தில் 275 அடிக்கு ஓடும். நாலு பேரும் அதற்குள்தான். ஐந்தாம் பதிப்பில் மூலை திரும்பினாலும் 20 அடியோடு நின்றுவிடும், சேதம் 8 ஆறுமுகம் (டி6 என்ற ஆறுபக்கப் பகடைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்). எந்தப் பதிப்பு என்று யாருமே முதலில் கேட்கவில்லை!

மங்கு:
அதுவாவது புத்தகத்தில் இருக்கு லா. இங்கே ஒரு தம்பி பூதத்தின் நுரையீரலுக்குள் தண்ணீர் வரவழைக்கப் பார்த்தான். மந்திரம் தருவது 10 கேலன், சுமார் 38 லிட்டர். மனுஷ நுரையீரலே 6 லிட்டர்தான் பிடிக்கும், "அப்போ வெடிக்கணும்" என்றான். டி.எம். சொன்னது: "முதல் நிலை மந்திரம் ஒரே அடியில் கொல்லாது." தீர்ப்பு சரி, காரணம் தப்பு. விதி கேட்பது திறந்த பாத்திரம். பூதம் வாயைப் பிளந்தாலும் நுரையீரல் பாத்திரம் ஆகாது, அவ்வளவுதான்.

ஒட்டுப்பால்:
மங்கு, டி.எம். சொன்ன காரணம் தப்பில்லை. பாத்திரம்தான் காரணம் என்றால் அடுத்த ஆட்டத்தில் அவன் பானையைப் பூதத்தின் தலையில் கவிழ்ப்பான், பாருங்க. இவர்கள் எல்லாரும் பாதி அறிவியலை மட்டும் கொண்டுவருகிறார்கள். குடியானவர் வரிசை ஞாபகம் இருக்கா? ஆயிரம் பேர் ஆளுக்கொரு ரெடி ஆக்‌ஷன் (சொன்ன நேரத்தில் செய்யத் தயாராக வைத்த செயல்) எடுத்து ஈட்டியைக் கைமாற்றினால் 6 விநாடிக்குள் கடைசி ஆள் கைக்கு வரும். அதுவரை விதி. அங்கிருந்து திடீரென்று வேகம், உந்தம் என்று பௌதிகம், அதனால் ஈட்டி பயங்கரமாக அடிக்கும் என்பார்கள். நடுவழியில் பஸ் மாறக்கூடாது. விதிப்படி கடைசி ஆள் எறிவது சாதாரண ஈட்டி, ஒரே ஒரு ஆறுமுகம். 2024 டி.எம். வழிகாட்டியும் விதிகள் பௌதிகம் அல்ல என்று இதே வித்தையைக் காட்டித்தான் சொல்கிறது.

அறிவியல் வேணும்னா முழுசா வாங்கிக்கணும். தொட்டிப் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றி எதிரியை ரப்பருக்குள் சிறைவைக்கக் கேட்டால் ஒத்துக்கொள்ளுங்க. ஆனால் நீர் சேர்க்காமல், அளவு பார்க்காமல் கொட்டினால் அங்கங்கே கட்டியாகும், மற்ற இடம் பாலாகவே கிடக்கும். சரியாகக் கலந்தாலும் உறைய மணிக்கணக்காகும். ஆட்டத்தில் ஒரு சுற்று 6 விநாடிதான். அம்மோனியா போட்டுப் பாதுகாத்த பாலென்றால் அமிலம் இன்னும் கூடுதலாக வேணும். எஸ்டேட்காரனிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்க, சிரிப்பான். அதனால் வீரர் பௌதிகம் பேசினால் எடை, நேரம், அளவு மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லவைங்க. பாதிப் பேர் அங்கேயே அடங்கிடுவாங்க.

புகைமூட்டம்:
நான் ஆலோசனை கேட்கவே இல்லையே அண்ணே.

மூணாம்லயம்:
ஒட்டுப்பால் அண்ணே, அப்படின்னா டிராகன் எப்படிப் பறக்குது? அந்த உடம்புக்கு அந்த இறக்கை போதாது. ஆனா ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் (மந்திரம் வேலை செய்யாத 10 அடி ஆர வட்டம்) நுழைந்தாலும் கீழே விழாது. அது ஊதும் நெருப்பும் உள்ளே இருப்பவனைச் சுடும், மந்திரக் கணக்கில் வராதாம். எங்க குழு மந்திரவாதி வட்டத்துக்குள் குந்திக்கொண்டு "ஊது பார்ப்போம்" என்றார்.

ஒட்டுப்பால்:
டெக்ஸ் சேவ் (விலகிச் சேதத்தைக் குறைக்க உருட்டும் பகடை) போட்டாரா இல்லையா?