கர்ப்பப்பை உள்சவ்வு தடிப்பு: பையை எடுக்கச் சொன்னாங்களா, மருந்தே போதும்னாங்களா? பார்த்ததை எழுதுங்க

பாலக்கோடு_லேப்:
பென்னாகரம் பக்கமிருந்து வந்த பயாப்ஸி டப்பா. சுரண்டின சதை ஃபார்மலின்ல இல்ல, சலைன்ல மிதக்குது. மூடியைத் திறந்ததும் நாத்தம். செல் எல்லாம் சிதைஞ்சாச்சு, அட்டிபியா, அதாவது புத்துநோய்க்கு முந்தின செல் மாற்றம், இருக்கான்னு பார்க்க வழியே இல்ல. ஆனா ஸ்கேன்ல சவ்வு 15 மில்லிமீட்டர்னு வந்ததை வெச்சே அந்தம்மாவுக்குப் பையை எடுக்க ஆபரேஷன் நாள் குறிச்சாச்சு! 10 சதவீத ஃபார்மலின், சதையைப்போல பத்து மடங்கு, எடுத்த கையோட போடணும். இவ்வளவுதாங்க கேட்கறோம்.

ஊத்தங்கரை_சிஸ்டர்:
தீட்டு நிக்காதவங்களுக்கு 15 மில்லி பெருசே இல்லைங்க. தீட்டுக்கு முந்தின வாரங்கள்ல 16 வரைக்கும் போகும். 4 மில்லி தாண்டினா சோதிக்கணும்ங்கற கணக்கு, தீட்டு நின்னு மறுபடி ரத்தம் பட்டவங்களுக்கு.
46 வயசு அக்கா ஒருத்தங்க, ரிப்போர்ட்ல அட்டிபியா இல்ல. வீட்டுக்காரர் ஃபைலைக்கூடப் பிரிக்கல, "புள்ளைங்க பெத்தாச்சு, இனி எதுக்கு மேடம் பை?"ன்னார். அட்டிபியா இல்லாதது 20 வருஷத்துல புத்துநோயா மாறறது நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ. கர்ப்பப்பைக்குள்ள 52 மில்லிகிராம் ஹார்மோன் காயில் வெச்சா பெரும்பாலும் சரியாகிடும். முதல்ல மூணுலேருந்து ஆறு மாசம் வரைக்கும் திட்டுத்திட்டா ரத்தம் படும். அதுக்குப் பயந்து கழட்டச் சொல்றவங்கதான் அதிகம். காயில் உள்ள இருக்கும்போதே ஆறு மாசத்துக்கு ஒருதரம் பயாப்ஸி எடுக்கலாம், தொடர்ந்து ரெண்டு சுத்தமா வரணும்.

ஓசூர்_பெத்தாலஜி:
சிஸ்டர் சொல்றது அட்டிபியா இல்லாதவங்களுக்கு மட்டும். இருந்தா கதையே வேற. பயாப்ஸியில அட்டிபியான்னு மட்டும் வந்த ஒரு பையை நீளவாக்குல வெட்டித் திறந்தா, கருக்குழாய் சேர்ற மூலையில மிளகளவு வெள்ளைக் கட்டி. சுரண்டற கரண்டி அங்க எட்டவே இல்ல. 2006-ல வந்த அமெரிக்க ஆய்வுல, இப்படி எடுத்த பைகள்ல பத்துக்கு நாலுல ஏற்கெனவே கேன்சர். அதனாலதான் முழுசா எடுக்கச் சொல்றது. கர்ப்பப்பைக் கழுத்தை விட்டுவைக்கக் கூடாது, உள்ளயே துண்டு போட்டு எடுக்கக் கூடாது. உள்சவ்வைச் சுட்டுவிடறதும் வேண்டாம், ஒட்டிக்கிட்டா அப்புறம் பயாப்ஸி எடுக்க முடியாது. குழந்தை வேணும்னா எம்ஆர்ஐ பார்த்துட்டு காயில், மூணு மாசத்துக்கு ஒரு பயாப்ஸி, குழந்தை பிறந்ததும் ஆபரேஷன். சந்தேகம்னா ஸ்லைடு மட்டுமில்ல, சதையைப் பதிச்ச மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கோ பெங்களூரு கிட்வாய்க்கோ கொண்டுபோங்க.

காரிமங்கலம்_மருந்து:
பாதி மாத்திரை மிச்சமிருந்த நோரெத்திஸ்டிரோன் (ஹார்மோன் மாத்திரை) பட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தாங்க, ரத்தம் நின்னுடுச்சாம்.
நின்னா குணமில்லைங்க. தினம் 10 முதல் 15 மில்லிகிராம், இடைவெளி விடாம, குறைஞ்சது ஆறு மாசம். 21 நாள் போட்டு ஏழு நாள் விடற முறை இதுக்கு உதவாது. இன்னொரு ஹார்மோன் மாத்திரையான மெட்ராக்ஸிப்ரொஜெஸ்டிரோன்னா 10 முதல் 20. நிறுத்தறது பயாப்ஸி பார்த்துதான். உடம்பு எடை, நீர்க்கட்டி, மார்புக் கட்டிக்குப் போடற டமாக்ஸிஃபென் இதெல்லாம் டாக்டர்கிட்ட மறைக்காதீங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 35-க்கு மேலன்னா சரியானபிறகும் வருஷா வருஷம் பயாப்ஸி. சோத்துக்கத்தாழை, அசோகப்பட்டைன்னு யாராவது கிளம்பறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன், அட்டிபியா அதுக்கெல்லாம் அடங்காது.

ஓசூர்_பெத்தாலஜி:
மாத்திரை ஓடறப்ப பயாப்ஸி எடுத்தா ஃபார்ம்ல அதை எழுதித் தொலைங்கப்பா. ஹார்மோன்ல சவ்வு உருவமே மாறியிருக்கும். கடைசித் தீட்டுத் தேதியும் வேணும். பாதி ஃபார்ம் வெறும் பேரும் வயசுமாத்தான் வருது.