காதடியை அழுத்தும் கடிவாளம்: கொழும்பில் தோல் தைப்பவர் தேவை

வணக்கம். தாண்டல் பயிற்சிக் குதிரை ஒன்றுக்குக் கடிவாளம் சரிசெய்ய உதவி வேண்டும்.

இப்போதுள்ளது ஃபுல் சைஸ், அதாவது பெரிய குதிரைக்கான அளவு. கன்னப்பட்டை, தொண்டைப்பட்டை இரண்டும் சரி. பூட்டிய தொண்டைப்பட்டைக்குள் மடக்கிய கை தாராளமாகப் போகிறது. சிக்கல் நெற்றிப்பட்டையில்தான். ஒரு காதின் பின்னோரத்திலிருந்து நெற்றி வழியாக மறு காதின் பின்னோரம் வரை 42 செ.மீ.; பட்டையோ 39 செ.மீ. அது காதுகளுக்குப் பின்னால் போகும் தலைப்பட்டையை முன்னுக்கு இழுத்துக் காதடியில் பதிக்கிறது. கழற்றினால் அங்கே மயிர் நசுங்கி, வியர்வைக் கோடு தெரியும். குதிரை தலையை ஆட்டுவதும் பூட்டும்போது தலையை உயர்த்துவதும் இதனால்தான் என நினைக்கிறேன். பல்வலியோ என்று பற்களையும் பார்த்தாயிற்று, குறையில்லை.

மூக்குப்பட்டையை இறுக்கச் சொல்லாதீர்கள், தயவுசெய்து. கன்ன எலும்பு முனைக்கு இரண்டு விரல் கீழே, மூக்கெலும்பின் நடுவில் இரண்டு விரல் நுழையுமளவு விட்டிருக்கிறேன். பக்கவாட்டில் விரலை விட்டுப் பார்த்தால் ஏமாற்றும், அங்கே சதைதான்.

கேட்பது இரண்டு:

மருதானை, புறக்கோட்டைப் பக்கம் 43 செ.மீ. நெற்றிப்பட்டை தைக்கக்கூடியவர் யார்? உட்புறம் மென்தோல் வேண்டும், தையல் முடிச்சு தோலில் படக்கூடாது.

காதுக்குப் பின்னால் வெட்டிக் குழித்த தலைப்பட்டை வைத்திருப்பவர்கள், ஒருநாள் போட்டுப் பார்க்கத் தருவீர்களா? பூஞ்சணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, இந்த ஈரக்காற்றில் அது சகஜம். துடைத்து எண்ணெய் பூசித் திருப்பித் தருகிறேன். தோல் மடிப்பில் வெடித்திருந்தால் மட்டும் வேண்டாம்.