ஸவர் பீரும் பீட்சாவும்: முதல் தடவை போறோம், எதுல ஆரம்பிக்கலாம்?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அடுத்த வாரம் பெங்களூரு போறோம்ங்க, அங்க ஒரு ப்ரூபப்ல (அவங்களே பீர் காய்ச்சி தர்ற பார்) ஸவர் பீரும் பீட்சாவும் சூப்பரா இருக்கும்னு மச்சான் கூப்பிடறான். நமக்கு பீர்னா கசப்புன்னுதான் தெரியும். பீர் எப்படி புளிக்கும், கெட்டுப்போனதா? பீட்சால எது சேரும்?

வேலந்தாவளம் ரோடு:
கெட்டதெல்லாம் இல்லீங்க. சாதா பீருக்கு ஈஸ்ட் மட்டும் போதும், இதுல தயிர்ல இருக்கற மாதிரி லாக்டிக் பாக்டீரியாவையும் வேணும்னே விட்டு புளிக்க வெக்கறாங்க, பீருக்கு கசப்பு தர்ற ஹாப்ஸ் பூ அதிகமானா அந்த பாக்டீரியா வளராது, அதனால கசப்பும் ரொம்ப கம்மி. காலைல இறக்கின நம்ம சித்தூர் கள்ளு சாயங்காலம் நாக்குல சுருக்குனு ஏறும்ல, அதை ரசிக்கறவங்களுக்கு இது கண்டிப்பா பிடிக்கும்.

குப்பம் பாசஞ்சர்:
மெனுல கோஸ (Gose)ங்கற ஸவர் பீர் இருந்தா அதுல ஆரம்பிங்க ப்ரோ. ஜெர்மனி லைப்சிக் பக்கத்து பீர், உப்பும் மல்லி விதையும் போட்டு செய்யறது, நம்ம வாய்க்கு உடனே ஒட்டும். பெர்லினர் வைஸ் இன்னும் லைட், வழக்கமா 3% பக்கம்தான் ஆல்கஹால். பெல்ஜியம் லாம்பிக் காத்துல இருக்கற ஈஸ்ட்லயே நொதிக்கறது, வாசனை கொஞ்சம் முரட்டுத்தனம், அதை கடைசில பாருங்க. எடுத்ததும் ஃபுல் கிளாஸ் வேண்டாம், டேஸ்டர் கேட்டா சின்ன கிளாஸ்ல நாலஞ்சு வகை தருவாங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
செம தகவல்ங்க! பீட்சா?

வேலந்தாவளம் ரோடு:
சீஸ் தாராளமா, மஷ்ரூம் போட்டது. வாய்ல ஒட்டற அந்த கொழுப்பை புளிப்பு அப்படியே கழுவி விட்டுடும், அடுத்த துண்டு புதுசா இருக்கும். மிளகாய் தூவாதீங்க. வண்டிய ரூம்ல விட்டுட்டு ஆட்டோல போங்க.