மறுமொழி: புற்றுக்கட்டிக்கு ‘இனவரலாற்று மரம்’ பொருந்துமா?

ஐயா, வணக்கம்.

எது எதிலிருந்து கிளைத்தது என்று காட்டும் வரைபடம் ‘ஃபைலோஜெனெடிக் ட்ரீ’. புற்றுக்கட்டி ஆய்விலும் வரும் அந்தச் சொல்லுக்கு நம் சொற்பட்டியலில் ‘இனவரலாற்று மரம்’ என்று வைக்கலாமா என்பது கேள்வி. பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் அது சரி. ஒரே ஆளின் சிறுநீரகத்தில் வளர்ந்த கட்டிக்கு இடிக்கிறது. அங்கே இனங்கள் ஏது? எல்லாம் ஓர் உயிரணுவின் வாரிசுகள். 1976-இல் புற்றுநோய் ஆய்வாளர் பீட்டர் நோவெல் முன்வைத்த கருத்தே அதுதான்: ஓர் உயிரணுவில் தொடங்குகிறது, பெருகப் பெருக மரபணு மாற்றங்கள் சேர்கின்றன, தாக்குப்பிடிக்கிற வகை மேலோங்குகிறது.

அதற்குப் பதிலாக நீங்கள் பரிந்துரைத்த ‘மரபுவழி மரம்’ இன்னும் சிக்கல். படிக்கிற நோயாளி, “அப்பாவிடமிருந்து வந்ததா, பிள்ளைக்கும் போகுமா?” என்றுதான் கேட்பார். இந்த மரத்தில் குறிக்கப்படுபவை அவர் உடம்பிலேயே பிற்பாடு உண்டான மாற்றங்கள், கட்டியோடு நிற்பவை.

என் பரிந்துரை ‘கால்வழி மரம்’. கால்வழி என்றால் வாரிசுத் தொடர். அதே பொருளுள்ள ‘கொடிவழி’யையும் யோசித்தேன். அழகான சொல், ஆனால் கொடிக்கு அடிமரம் கிடையாதே! இந்த ஆய்வில் அடிமரம்தான் முக்கியம். புற்றுநோய் ஆய்வாளர் சார்லஸ் சுவான்டன் குழுவினர் சிறுநீரகப் புற்றுக்கட்டியில் பல இடங்களிலிருந்து துண்டெடுத்து, டிஎன்ஏ வரிசையை ஒப்பிட்டு 2012-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாற்றங்கள் எல்லாத் துண்டுகளிலும் இல்லை, அவை கிளைகள். விஎச்எல் என்ற மரபணுவின் மாற்றமோ எல்லாவற்றிலும் இருந்தது, அது அடிமரம். ஒரே ஊசியில் எடுத்த சதைத்துணுக்கு ஒரு கிளையை மட்டும் காட்டக்கூடும். அந்தக் கிளையின் மாற்றத்தைக் குறிவைத்து மருந்து கொடுத்தால் மற்ற கிளைகள் தப்பிவிடும்.

துணைச்சொற்களும் எளிதாக அமைகின்றன: அடிமர மாற்றம், கிளை மாற்றம், கிளை பிரியும் இடத்துக்குக் ‘கவை’. அந்த இடத்தை ‘முனை’ என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. முனை என்றால் நுனி அல்லவா?

*

அம்மா, வணக்கம்.

‘கவை’ அருமை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மரபுவழி பற்றிய எச்சரிக்கையும் சரி. என் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ‘கால்வழி’யைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ழகரம் தேய்ந்த நம் பேச்சில் ‘கால்வலி மரம்’ ஆகிவிடும், அதுவும் புற்றுநோய் வார்டில்! ஆய்வுக் கட்டுரைக்குக் ‘கால்வழி மரம்’ இருக்கட்டும். நோயாளியிடமும் வீட்டாரிடமும் பேசுகையில் ‘கட்டியின் கிளைமரம்’ போதும். சொற்பட்டியலில் இரண்டையும் ஏற்றிவிடலாமா?