மூடாக்குப் போட்ட பிறகு ரோஜா துளிர்க்கிறது, சாமந்தி வாடுகிறது

கேள்வி:
மூன்று வாரங்களுக்கு முன், மண் காயாமல் இருக்க மேலே புல் பரப்பி மூடும் மூடாக்கைப் பூப்பாத்தி முழுவதும் போட்டேன். வெட்டிய பச்சைப் புல்லை அப்படியே அள்ளி, ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினேன். ரோஜா நன்றாகத் துளிர்த்திருக்கிறது. சாமந்தியில்தான் கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. இரண்டு செடிகள் காலையிலேயே துவண்டு நிற்கின்றன. தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றியதும் இன்னும் மோசமாகிவிட்டது. மொட்டு வரும் நேரம் என்பதால் மனம் பதைக்கிறது. எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிடவா?

பதில் 1:
எறியாதீர்கள். முதலில் புல்லுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருக்கிறதா? புல் தண்டைத் தொடுகிறதா?

கேட்டவர்:
பார்த்தேன். மேலே காய்ந்த தட்டையாக இருக்கிறது. உள்ளே வெதுவெதுப்பு, கொழகொழப்பு, புளித்த வாடை. துவண்ட செடியின் அடித்தண்டு பழுப்பாகிவிட்டது. நகத்தால் லேசாகத் தொட்டதும் தோல் உரிந்து வந்தது. ரோஜாவின் அடியில் மட்டும் புல் இல்லை. முள் குத்தும் என்று அங்கே நெருக்கிப் போடவில்லை.

பதில் 1:
அந்த முள்தான் ரோஜாவைக் காப்பாற்றியிருக்கிறது! பச்சைப் புல்லைக் கனமாகப் போட்டால் படிந்து இறுகி, காற்றை அடைத்துவிடும். அழுகும்போது சூடும் ஏறும். சாமந்தியின் தண்டு இளசு, ஓயாத ஈரத்தைத் தாங்காது. தண்டு அழுகினால் மண்ணில் எவ்வளவு நீர் இருந்தாலும் இலைக்குப் போய்ச் சேராது. அதனால்தான் ஊற்ற ஊற்ற வாடியது.

இன்றே புல்லை விலக்கி வெயிலில் உலர்த்துங்கள். ஒவ்வொரு தண்டைச் சுற்றியும் நான்கு விரல் அகலத்துக்கு வெறும் மண் தெரியட்டும். மேல்மண் சற்று உலரும்வரை தண்ணீர் வேண்டாம். தோல் உரிந்த இரண்டும் பிழைப்பது கடினம். அவற்றில் மொட்டு வைக்காத, நல்ல பச்சையான நுனிக்கிளை இருந்தால் விரல் நீளத்துக்கு வெட்டி ஈர மணலில் நட்டு நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க வாய்ப்புண்டு. மற்றவை தேறிய பிறகு, காய்ந்த புல்லுடன் நொறுக்கிய சருகைக் கலந்து 5 செ.மீ. அளவுக்குப் பரப்பினால் போதும். களை எடுத்து, மண்ணை நனைத்த பிறகே பரப்ப வேண்டும்.

மூடாக்கை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். வெயில் நேரத்தில் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள், அந்தக் குளிர்ச்சி உங்களுக்கே புரியும்.

பதில் 2:
ஒன்று சேர்க்கிறேன். ரோஜாவில் கரும்புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளைச் சருகோடு சேர்த்துவிடாதீர்கள். மழைத்துளி தெறிக்கும்போது நோய் மறுபடி செடிக்கு ஏறும்.

கேட்டவர்:
புல்லை விலக்கிவிட்டேன். ஆறு செடிகளின் தண்டு உறுதியாக இருக்கிறது. துவண்டவற்றிலிருந்து மூன்று நுனிகள் மணலில் நட்டிருக்கிறேன். துளிர்த்தால் இங்கேயே வந்து சொல்கிறேன்.